உங்கள் கைக்குக் கூலி எழுதுங்கள்: பெங்களூரில் வேலையை விட்டுத் தொழில் தொடங்கும் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

பகலெல்லாம் வெளிவட்டச் சாலையில் ஓர் ஐ.டி. அலுவலகம். இரவு, பிள்ளை தூங்கியபின், சாப்பாட்டு மேசையில் துணிப்பைகளும் வண்ணக் குப்பிகளும் தூரிகைகளும். பெங்களூரில் இப்படி இரண்டு வேலை பார்க்கும் தமிழ்ப் பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். கைவண்ணம் உள்ளவர்கள். ஆனால், "இது என்ன விலை?" என்று கேட்டால் மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. "நீங்களே பார்த்துக் கொடுங்க" என்கிறார்கள்.

சம்பள வேலையில் நம் நேரத்துக்கு விலை வைப்பவர் வேறு யாரோ. வெளியே வந்தபின் அதை நாமேதான் வைக்கவேண்டும். வீட்டில் பெண்கள் கையால் செய்யும் எதற்கும் கூலி எழுதிப் பழகாத சமூகம் நம்முடையது. அந்தப் பழக்கம் தொழிலுக்குள்ளும் வந்துவிட்டால் எவ்வளவு திறமை இருந்தாலும் கடை ஒரு வருடம் தாண்டாது. அதனால் இந்த வழிகாட்டியில் எந்தப் படியில் நின்றாலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் என் கூலி எங்கே?

இந்த ஊரிலேயே இரண்டு முன்மாதிரிகள் உண்டு. சுப்ரா சட்டாவும் அவர் கணவர் விவேக் பிரபாகரும் 2010-ல் பெங்களூரில் 'சும்பக்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இந்தியில் சும்பக் என்றால் காந்தம். ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் போன்ற நினைவுப் பொருட்களில் ஆரம்பித்த கடை அது. முதலுக்காகச் சொந்த வீட்டையே விற்றார்கள். அதே சும்பக்கின் தொடக்க காலத்தில் ஓவியராக இருந்தவர் அலிசியா சோசா. பிறகு தனியாக வந்து, தன் பெயரிலேயே படங்களும் பொருட்களும் விற்கத் தொடங்கினார். பத்திரிகைகளில் அதிகம் வருவது வீட்டை விற்ற கதைதான். நம்மில் பெரும்பாலோருக்குக் கைகொடுப்பது இரண்டாவது வழி: சம்பளத்தில் இருந்தபடி தொழிலைக் கற்று, பெயர் சேர்த்து, பிறகு வெளியேறுவது.

1. வேலையில் இருக்கும்போதே அந்நியரிடம் விற்றுப் பாருங்கள்

தோழியும் அத்தையும் வாங்குவது அன்பால். அதை விற்பனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முன்பின் தெரியாதவர்கள், நீங்கள் சொன்ன விலைக்கு, மூன்று மாதம் தொடர்ந்து வாங்குகிறார்களா என்று பாருங்கள். சர்ஜாபூர், ஒயிட்ஃபீல்டு பக்கத்துப் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வார இறுதிகளில் மேசை போட இடம் தருவார்கள். அதுவே நல்ல ஆரம்பம். 2010 முதல் நடக்கும் 'சண்டே சோல் சந்தே' பெரிய கூட்டம் வரும் இடம். அங்கே இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு கடை எடுப்பது மேல். ஓவியர் என்றால் கர்நாடக சித்ரகலா பரிஷத் ஜனவரியில் குமார க்ருபா சாலையில் நடத்தும் சித்ர சந்தே இருக்கிறது.

மேசையில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். "எஷ்டு?" (எவ்வளவு?) என்று கேட்டு, விலை தெரிந்ததும் நகர்ந்தவர் எத்தனை பேர், "ஸ்வல்ப கம்மி மாடி" (கொஞ்சம் குறையுங்கள்) என்றவர் எத்தனை பேர், பேரம் பேசாமல் பணம் கொடுத்தவர் எத்தனை பேர் என்று மூன்று பத்தியில் கோடு போடுங்கள். மாலையில் அந்த நோட்டு சொல்வதை எந்த ஆலோசகராலும் சொல்ல முடியாது.

இதற்கு முன் உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள். வெளிவேலைக்கு முன் அனுமதி வேண்டுமா என்று பாருங்கள். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக வரைந்தது முதலாளிக்குச் சொந்தம். ஆகவே அலுவலக மடிக்கணினியில், அலுவலக நேரத்தில், அலுவலக மென்பொருளில் உங்கள் டிசைன் ஒன்றுகூட இருக்கக்கூடாது. "விலகியபின் இதே தொழில் செய்யக்கூடாது" என்ற நிபந்தனையைப் பார்த்துப் பயப்படவேண்டாம். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி பொதுவாக அது செல்லாது. ஆனால் நிறுவனத்தின் ரகசியங்களையும் வாடிக்கையாளர் பட்டியலையும் எடுத்துவருவது தவறு.

2. கூலியோடு சேர்த்து விலை போடுங்கள்

ஓர் உதாரணக் கணக்கு. உங்கள் சம்பளம் மாதம் 40,000 ரூபாய், வேலை நேரம் 200 மணி என்றால் மணிக்கு 200 ரூபாய். கையால் ஓவியம் தீட்டிய ஒரு துணிப்பையை இப்படிக் கணக்கிடலாம்:

- தைத்த பருத்திப் பை: 110 ரூபாய்
- வண்ணம், தூரிகைத் தேய்மானம்: 40
- அட்டை, உறை: 25
- வரைய, உலர்த்தி இஸ்திரி போட, படமெடுக்க, கட்ட ஒன்றரை மணி நேரக் கூலி: 300
- சந்தை வாடகை, ஆட்டோ, மின்சாரம், பாழாகும் பைகள்: 75
- மொத்தம்: 550
- தொழில் வளர 20 சதவீத லாபம்: 110
- விலை: 660 ரூபாய்

"350-க்குத் தரலாமே" என்று ஒருவர் கேட்கும்போது இந்தத் தாள் நினைவுக்கு வரட்டும். பொருளும் இதர செலவும் போக மிஞ்சுவது 100 ரூபாய். ஒன்றரை மணி நேரத்துக்கு! மணிக்கு 67 ரூபாய்க்கு உழைக்கவா வேலையை விட்டோம்?

660-க்குப் போகவில்லை என்றால் கூலியில் கை வைக்காதீர்கள், செய்முறையில் கை வையுங்கள். படத்தின் வெளிக்கோடுகளை ஸ்கிரீன் பிரிண்டில் போட்டு (30 ரூபாய்), பூவுக்கு மட்டும் கையால் வண்ணம் கொடுத்தால் அரை மணி போதும். கூலி 100. மொத்தம் 380, லாபத்தோடு சுமார் 456 ரூபாய். மணிக்கு 200 அப்படியே இருக்கிறது, விலை இறங்கிவிட்டது. கடையில் வைத்து விற்றால் கடைக்காரர் பங்கும் உண்டு. அவர் 35 சதவீதம் எடுப்பவரானால், 660 உங்கள் கைக்கு வர லேபிளில் சுமார் 1,015 இருக்கவேண்டும். கடை வாசலில் நின்று கணக்குப் போடாமல், போகும்முன்பே போட்டுக்கொண்டு போங்கள்.

3. வீட்டுப் பணம் வேறு, தொழில் பணம் வேறு

வாடகை, இ.எம்.ஐ., பள்ளிக் கட்டணம், மளிகை, ஊருக்கு அனுப்பும் பணம் ஆகியவற்றில் உங்கள் பங்கை எழுதி ஆறால் பெருக்குங்கள். வீட்டில் சம்பாதிப்பவர் நீங்கள் ஒருவரே என்றால் ஒன்பதால். இந்தத் தொகை தனிக் கணக்கில் சேர்ந்தபின் ராஜினாமாவைப் பற்றிப் பேசுங்கள். பெங்களூர் வீட்டுக்காரரிடம் கட்டிய அட்வான்ஸ் பெரிய தொகைதான், ஆனால் வீட்டைக் காலி செய்யும்வரை அது உங்கள் பணமில்லை. பிள்ளை படிப்புக்குச் சேர்த்ததையும் அம்மா போட்ட நகையையும் தொடவேண்டாம்.

வீட்டோடும் பேசிவிடுங்கள். "இனிமே வீட்லதானே இருப்பே" என்ற எண்ணம் யாருக்காவது இருந்தால் அதை முதல் நாளே தெளிவாக்கவேண்டும். பள்ளி வாகனத்துக்குப் போவது யார், மதியச் சமையல் யார், உங்கள் வேலை நேரம் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று கணவரோடும் மாமியாரோடும் உட்கார்ந்து முடிவுசெய்யுங்கள். பட்டறை சாப்பாட்டு மேசையாகவே இருந்தாலும் அது பட்டறைதான்.

4. தேதி பார்த்து ராஜினாமா செய்யுங்கள்

- பணிக்கொடை: நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும். நாலரை வருடத்தில் கோபத்தில் கடிதம் கொடுத்துவிடாதீர்கள்.
- மருத்துவக் காப்பீடு: அலுவலகக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். புதிதாக எடுப்பதானால் முன்கூட்டியே எடுங்கள். புதுப் பாலிசியில் முதல் 30 நாள் நோய்க்குப் பாதுகாப்பு இருக்காது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம்வரை காத்திருக்க நேரலாம்.
- பேறுகாலம்: முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. குழந்தை எண்ணம் இருந்தால் இதையும் கணக்கில் எடுங்கள். உழைத்துப் பெற்ற உரிமை அது.
- கடன்: வீட்டுக் கடன் தேவைப்பட்டால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள்.
- நோட்டீஸ் காலம்: 60 நாளோ 90 நாளோ, முறையாக முடித்து, அனுபவச் சான்றிதழோடு வெளியே வாருங்கள். பழைய சக ஊழியர்கள்தான் பலருக்கு முதல் மொத்த ஆர்டர் தருபவர்கள்.

5. பெயரும் பதிவும்

தொடக்கத்தில் தனியுரிமைத் தொழில் போதும். கம்பெனி பதிவு இப்போதைக்கு வேண்டாம். செய்யவேண்டியவை இவை:

- ஆதார், பான் கொண்டு அரசின் உத்யம் தளத்தில் சிறுதொழில் பதிவு. 2020 ஜூலை முதல் இருக்கும் இந்தப் பதிவு முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.
- தொழில் பெயரில் நடப்புக் கணக்கு, அதற்கென்று தனி யு.பி.ஐ.
- வணிகச் சின்னப் பதிவு. தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். அதே பெயர் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.
- கடையோ ஸ்டூடியோவோ எடுத்தால் 1961-ம் ஆண்டு கர்நாடகக் கடைகள் சட்டப் பதிவும் மாநகராட்சியின் வணிக உரிமமும். 2025 செப்டம்பரிலிருந்து நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டதால் உங்கள் இடம் எதில் வருகிறது என்று பாருங்கள். பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்கவேண்டும்.
- ஊறுகாய், கேக் போல உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் ஒன்றும் விற்காதீர்கள்.

6. ஜி.எஸ்.டி.: ஓசூர் வேறு மாநிலம்

கர்நாடகத்துக்குள் பொருள் மட்டும் விற்றால், ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. சேவைக்கு வரம்பு 20 லட்சம். நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு. பெங்களூரிலிருந்து ஓசூருக்கோ சென்னைக்கோ பொருள் அனுப்பினால் அது மாநிலம் கடந்த விற்பனை. தொகை எவ்வளவு சிறிதானாலும் பொதுவாகப் பதிவு வேண்டும். அரசு அறிவித்த சில கைவினைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் இ-வே பில் போன்ற நிபந்தனைகளோடு. உங்கள் பொருள் அந்தப் பட்டியலில் உள்ளதா என்று ஒரு கணக்கரிடம் ஒருமுறை காசு கொடுத்துக் கேட்டுவிடுங்கள். டிசைன் செய்து கொடுப்பது போன்ற சேவைக்கு 20 லட்சம்வரை மாநில எல்லை தடையில்லை.

2025 ஜூலையில் பெங்களூரின் சிறு வியாபாரிகள் பலருக்கு, யு.பி.ஐ. வரவை வைத்து வணிக வரித்துறை நோட்டீஸ் அனுப்பியதும், கடைகளில் "யு.பி.ஐ. இல்லை, ரொக்கம் மட்டும்" என்று அட்டை தொங்கியதும் நினைவிருக்கும். தம்பி திருப்பித் தந்த கடனும் சீட்டுப் பணமும் வியாபார வரவும் ஒரே கணக்கில் கலந்திருந்தால் எது எது என்று நிரூபிப்பது பெரும்பாடு. தனி யு.பி.ஐ. எண் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

7. சரக்கு வாங்கும் இடம்

துணிக்குச் சிக்கப்பேட்டை. காகிதம், எழுதுபொருளுக்கு அவென்யூ சாலை. அட்டை, பெட்டிக்குச் சுல்தான்பேட்டை. வார நாளில் காலையிலேயே மெட்ரோவில் போய்விடுங்கள்; அந்தச் சந்துகளில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. முதல் முறை ஒரு கடையில் மொத்தமாக வாங்காமல் மூன்று கடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, துவைத்து, வெயிலில் போட்டு, சாயம் போகிறதா என்று பாருங்கள். பில் கேட்டு வாங்கி, அன்றைக்கே நோட்டில் ஏற்றுங்கள்.

8. துணையும் கடனும்

1983-ல் பெங்களூரில் பெண் தொழில்முனைவோரே சேர்ந்து தொடங்கிய அமைப்பு 'அவேக்'. பயிற்சியும் வழிகாட்டலும் தருகிறது. பன்னேர்கட்டா சாலையில் ஐ.ஐ.எம். வளாகத்தின் என்.எஸ்.ஆர்.செல் மையம் பெண்களுக்கெனத் தனிப் பயிற்சித் திட்டம் நடத்தியிருக்கிறது. அடுத்த அறிவிப்பைக் கவனித்து வாருங்கள்.

கடன் என்றால் அடமானம் இல்லாத முத்ரா. 'சிஷு' பிரிவில் 50,000 வரை, 'கிஷோர்' பிரிவில் 5 லட்சம் வரை. குறைந்த வருமானக் குடும்பப் பெண்களுக்குக் கர்நாடக மாநில மகளிர் மேம்பாட்டுக் கழகத்தின் 'உத்யோகினி' திட்டம் மானியத்தோடு இருக்கிறது. வருமான வரம்பைக் கேட்டு விண்ணப்பியுங்கள். ஆர்டர் வந்து, இயந்திரமோ சரக்கோ இல்லாமல் தடைபட்டால் மட்டும் கடன் வாங்குங்கள். கடனில் சம்பளம் எடுக்காதீர்கள்.

9. முதல் வருட ஒழுங்கு

தனி ஆர்டர் என்றால் பாதிப் பணம் முன்பணம். திருத்தம் இரண்டு முறைக்கு மேல் என்றால் தனிக் கட்டணம். இரண்டையும் ஆர்டர் எடுக்கும்போதே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். பிறகு முகம் சுளிக்க வேண்டியிராது. ஞாயிறு இரவு பதினைந்து நிமிடம் வரவு செலவு எழுதுங்கள். கையிருப்பு இரண்டு மாதச் செலவுக்கு இறங்கிவிட்டால் பகுதிநேர வேலையோ ஒப்பந்த வேலையோ தேடிக்கொள்ளுங்கள். கடையை மூடாமல் காப்பாற்ற அதுவும் ஒரு வழி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக ஒன்று. மாதம் முதல் தேதி, தொழில் கணக்கிலிருந்து உங்கள் சொந்தக் கணக்குக்குச் சம்பளம் போடுங்கள். முதல் மாதம் 3,000 ரூபாய்தான் முடிகிறதென்றால் 3,000. பணம் அனுப்பும்போது விவரம் எழுத ஒரு கட்டம் வரும். அதை வெறுமனே விடாமல் 'கூலி' என்று எழுதுங்கள். வருடக் கடைசியில் பாஸ்புக்கில் அந்தச் சொல் பன்னிரண்டு முறை இருந்தால், நீங்கள் நடத்துவது தொழில்தான் என்று வீட்டில் யாருக்கும் விளக்கவேண்டியிராது.