பாடம் 4: பெரும்போகத்தில் எப்போது, எதை விதைப்பது?

இப்பாடம் மீள்குடியேறிய பின் முதற்தடவையாக மானாவாரி நெல் செய்யவிருக்கும் குடும்பங்களுக்கானது. குளத்து நீரில் செய்பவர்கள் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கும் திகதியையே பின்பற்ற வேண்டும்.

1. பழைய கணக்கு ஏன் போதாது?

இடம்பெயர முன்னர் புரட்டாதியில் புழுதி விதைத்தீர்கள். ஐப்பசியில் மழை பிடித்தது. தையில் அரிவி வெட்டினீர்கள். அந்தக் கணக்கு இன்றும் உங்கள் மனதில் இருக்கும். ஆனால் நீங்கள் முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்த ஆண்டுகளில் மழை அந்தக் கணக்கை விட்டு விலகிவிட்டது. 2016ஆம் ஆண்டுப் பெரும்போகத்தில் மழை பொய்த்து, விதைத்த வயல்கள் பல கருகின. 2018 டிசெம்பரில் மழை கொட்டி இரணைமடுக் குளம் வான்பாய்ந்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வயல்கள் நீரில் மூழ்கின.

காலநிலை மாற்றம் என்றால் மழை குறைவது மட்டுமல்ல. மழை பிந்தி வரும், வந்தால் ஒரேயடியாகக் கொட்டும், நடுவில் நீண்ட வெயில் விழும்.

ஒரு போகம் தவறினால் முன்னர் பட்டடையில் நெல் இருந்தது, பட்டியில் மாடு நின்றது. இப்போது உங்களில் பலரிடம் இருப்பது உதவியாகக் கிடைத்த விதைநெல் மட்டுமே. அது அழிந்தால் அடுத்த விதைநெல்லைக் கடனுக்கு வாங்க வேண்டிவரும். ஆகவே முதற்போகத்தில் அதிக விளைச்சலை எதிர்பார்த்து இறங்காதீர்கள். சாப்பாட்டுக்கும் அடுத்த விதைப்புக்கும் நெல் மிஞ்ச வேண்டும் என்பதே உங்கள் இலக்காக இருக்கட்டும்.

2. விதைக்க முன் செய்ய வேண்டியவை

• மிதிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படாத காணியில் உழவு இயந்திரத்தை இறக்கவேண்டாம். சந்தேகம் இருந்தால் கிராம அலுவலரிடம் கேளுங்கள்.
• 100 விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். சாக்கைக் காயவிடாதீர்கள். ஒரு கிழமைக்குள் 85 அல்லது அதற்கு மேல் முளைத்தால் நல்ல விதை. மிகவும் குறைந்தால் விதைக்காமல் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.
• சாக்கில் எழுதியுள்ள இனத்தின் எண்ணைப் பாருங்கள். பெரும்பாலான இனங்களில் அந்த எண்ணே வயதைச் சொல்லும். பி.ஜி. 250 இரண்டரை மாதம். பி.ஜி. 300 மூன்று மாதம். பி.ஜி. 352, ஏ.ரி. 362 மூன்றரை மாதம். 400இல் தொடங்குபவை நான்கு மாதமும் அதற்கு மேலும்.

3. நாளை எண்ணி இனத்தைத் தெரிவுசெய்யுங்கள்

நெல் எந்த இனமாக இருந்தாலும் அறுவடைக்கு ஏறக்குறைய 30 நாள் முன்னர் பூக்கும். பூக்கும்போது வயலில் ஈரம் இல்லையென்றால் கதிர் பதராகும். வடக்கில் தை மாதத்துடன் மழை ஓயத் தொடங்கும். எனவே சனவரி முற்பகுதிக்குள் பூக்கக்கூடிய இனத்தையே விதைக்க வேண்டும்.

• ஒக்ரோபர் முற்பகுதியில் மழை பிடித்தால்: மூன்றரை மாத இனம். டிசெம்பர் நடுவில் பூக்கும்.
• நவம்பர் தொடக்கத்தில் பிடித்தால்: மூன்று மாத இனம். சனவரி தொடக்கத்தில் பூக்கும்.
• நவம்பர் 20 வரை பிந்தினால்: இரண்டரை மாத இனம். விளைச்சல் குறையும், ஆனாலும் நெல் வீடு வரும்.
• அதற்கும் பிந்தினால்: விதைநெல்லைப் பத்திரப்படுத்துங்கள். மேட்டுக்காணியில் பயறு, உழுந்து, கௌபி போடலாம். மாரி முடிந்து வயலில் நீர் வடிந்ததும் எஞ்சிய ஈரத்தில் பயறு விதைக்கலாம். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பிடுங்கலாம்.

4. விதைநெல் முழுவதையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள்

புழுதியில் கிடக்கும் விதைக்கு வெயிலால் பெரிய ஆபத்து இல்லை. சிறு தூறலில் முளைத்து, பின் பத்துப் பதினைந்து நாள் மழை இல்லாமல் போவதே ஆபத்து. உங்களிடம் இரண்டு ஏக்கரும் நான்கு புசல் விதைநெல்லும் இருந்தால், ஒரு ஏக்கருக்கு இரண்டு புசலைப் புழுதியில் விதையுங்கள். மற்ற ஏக்கரை மழை நன்கு பிடித்த பின் விதையுங்கள். முதலாவது கருகினாலும் இரண்டு புசல் கையில் இருக்கும்.

ஒரே வெளியில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கிழமை விதைத்தால் குருவி, எலி, பூச்சி ஆகியவை ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு மாறிமாறிச் சேதம் செய்யும். ஆகவே எந்த வெளியை முன்னர் விதைப்பது, எதைப் பின்னர் விதைப்பது என்பதைக் கமக்காரர் அமைப்பில் கூடித் தீர்மானியுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் காணி உள்ளவர்கள் விதைநெல்லில் ஒரு பங்கையாவது இரண்டாம் விதைப்புக்கு ஒதுக்கி வைக்கட்டும்.

5. வெள்ளத்துக்கும் தயாராகுங்கள்

பல ஆண்டுகளாகக் காடு மூடிக் கிடந்த கழிவு வாய்க்கால்களை மழைக்கு முன்னர் சிரமதானமாக வெட்டித் துப்புரவாக்குங்கள். இளம்பயிர் பல நாள் நீரில் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும். உங்கள் வயல் கமநல சேவைகள் நிலையத்தில் பதிவாகியுள்ளதா என்று இப்போதே பாருங்கள். இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பதிவைக் கேட்பார்கள்.

6. கூடிப் பேசுவோம்

அ. கடந்த மூன்று பெரும்போகங்களில் உங்கள் ஊரில் முதல் நல்ல மழை எப்போது பெய்தது? முன்னரே திரும்பி வந்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.
ஆ. உங்கள் விதைநெல் எத்தனை மாத இனம்? அது பிந்திய மழைக்குப் பொருந்துமா? பொருந்தாவிட்டால் யாரிடம் மாற்றிக்கொள்ளலாம்?
இ. எந்த வெளியை முதலில் விதைப்பது? முடிவை எழுதி எல்லோரும் பார்க்கும்படி சனசமூக நிலையத்தில் ஒட்டுங்கள்.