படகுக்கும் உண்டு மழைக்காப்பு

தண்ணீரில் மிதப்பதற்கென்றே கட்டப்பட்ட படகைத் தண்ணீரிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? ஆனால், கரையேற்றி வைத்த மரப்படகுக்குக் கடல்நீரைவிட மழைநீரே பெரும் பகை.

இங்கிலாந்தில் 1963ஆம் ஆண்டு அறிமுகமான ‘மிர்ரர்’ என்னும் சிறு பாய்மரப் படகை எடுத்துக்கொள்வோம். நீளம் 3.3 மீட்டர். ஒட்டுப்பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடியிழை நாடாவைப் பிசினால் ஒட்டி, வீட்டிலேயே கட்டிவிடலாம். கோடையில் பாய் விரித்தோடும் இத்தகைய படகுகளைக் குளிர்காலத்தில் கரையேற்றிப் பழுதுபார்ப்பது அந்நாட்டு வழக்கம். அப்போது நீர் மூன்று வழிகளில் தீங்கு செய்யும்.

முதலாவது, மட்குதல். உலர்ந்த மரத்தின் எடையில் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால், மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சை வளராது. படகினுள் மழைநீர் தேங்கினால், பலகையின் வெட்டுமுனை வழியே ஏறி இந்த அளவைத் தாண்டிவிடும். கடல்நீரின் உப்பு பூஞ்சையை ஓரளவு தடுக்கும். மழைநீரில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

இரண்டாவது, உறைதல். 100 கன சென்டிமீட்டர் நீர் உறைந்தால் ஏறக்குறைய 109 கன சென்டிமீட்டர் பனிக்கட்டியாகும். விரிசலில் புகுந்த நீர் இரவில் உறைந்து, பகலில் உருகி, மீண்டும் உறைகிறது. ஒவ்வொரு முறையும் விரிசல் சற்றே அகலும்.

மூன்றாவது, நீராவி. தார்ப்பாயால் படகை இறுகப் போர்த்திவிட்டால் போதாதா? போதாது. ஈர மரத்திலிருந்து எழும் ஆவி வெளியேற வழியின்றி, குளிர்ந்த பாயின் உட்புறத்தில் துளிகளாகப் படிந்து, படகின் மீதே சொட்டும். மழையைத் தடுத்த போர்வையே மழை பெய்யும்!

எனவே, படகைக் கவிழ்த்து, தரையில் படாமல் கட்டைகளின் மேல் வைக்க வேண்டும். தார்ப்பாயைக் கூரைபோல் சரிவாகக் கட்டி, இரு முனைகளையும் காற்றோட்டத்துக்காகத் திறந்துவிட வேண்டும். மிதவை அறைகளின் மூடிகளையும் கழற்றிவிட வேண்டும். மரம் நன்கு உலர்ந்த பின்னரே வார்னிஷ் பூசலாம். ஈரத்தின் மேல் பூசினால் பூச்சு கொப்புளித்து உரிந்துவிடும்.

செய்து பாருங்கள்: இரண்டு கிண்ணங்களில் ஈரத்துணி வையுங்கள். ஒன்றைப் பிளாஸ்டிக் தாளால் இறுக மூடுங்கள். மற்றொன்றின் மேல், இடைவெளி இருக்குமாறு குச்சிகளை வைத்துத் தாளைப் பரப்புங்கள். மறுநாள் காலை எந்தத் தாளின் அடியில் துளிகள் மிகுதி? எந்தத் துணி அதிகம் உலர்ந்திருக்கிறது? காரணம் கூறுங்கள்.