மின்சார சைக்கிளுக்கு ஏற்ற மின்னேற்றி: குடும்பங்களுக்கான ஒரு பாடம்



தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பற்றரி கிடைக்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுழற்றி, தைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். 2022இல் மீண்டும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றோம். பெற்றோலை நம்பாத வண்டி வேண்டும் என்ற எண்ணம் அப்போது பலருக்கு வலுத்தது. இடம்பெயர்ந்து திரும்பி, தோட்டத்தை மறுபடி தொடங்கும் குடும்பத்திற்கு மின்சார சைக்கிள் நல்ல துணை. ஆனால் அதன் விலையில் பெரும்பங்கு பற்றரியில் உள்ளது. அந்தப் பற்றரியைக் காப்பதும் கெடுப்பதும் மின்னேற்றி, அதாவது நாம் சார்ஜர் என்று சொல்லும் சிறிய பெட்டி.

நடந்தது ஒன்று

தீவுப்பகுதியில் நாம் சந்தித்த ஒரு குடும்பத்தின் மின்னேற்றி படகில் உப்புநீர் பட்டுப் பழுதாகிவிட்டது. பட்டணத்தில் வேறொன்று வாங்கினார்கள். அதிலும் "48 வோல்ற்று" என்று எழுதியிருந்தது. சொருகியும் சரியாகப் பொருந்தியது. சில நாட்களில் பற்றரி வீங்கிவிட்டது. அது ஈய அமிலப் பற்றரிக்கான மின்னேற்றி. அவர்களுடையதோ லிதியம் பற்றரி. தோட்டத்தில் ஒரு போகம் உழைத்த பணம் போயிற்று. வீடு எரியாதது பெரும் நிம்மதி.

சொருகி பொருந்தினால் மின்னேற்றி பொருந்தும் என்று எண்ணக் கூடாது. வாங்குமுன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

1. பற்றரி எந்த வகை?

"48 வோல்ற்று" என்பது ஒரு பெயர் மட்டுமே. பற்றரி நிறையும்போது அழுத்தம் அதைவிடக் கூடும். 13 கலங்கள் தொடராக உள்ள லிதியம் அயன் பற்றரி 54.6 வோல்ற்றில் நிறையும். 16 கலங்கள் உள்ள லிதியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரிக்கு 58.4 வோல்ற்று வேண்டும். நான்கு 12 வோல்ற்று ஈய அமிலப் பற்றரிகளைத் தொடுத்தால் ஏறக்குறைய 58 முதல் 59 வோல்ற்று வரை ஏற்ற வேண்டும்.

லிதியம் அயன் பற்றரிக்கு அளவுக்கு மீறி ஏற்றினால் உள்ளிருக்கும் காப்புச் சுற்று தடுக்கக்கூடும். அது பழுதானால் தீ மூளும். மாறாக, 54.6 வோல்ற்று மின்னேற்றியால் ஈய அமிலப் பற்றரி முழுதாக நிறையாது; அதன் தகடுகளில் ஈய சல்பேற்று படிந்து ஆயுள் குறையும். ஆகவே மின்னேற்றியில் "அவுட்புட்" என்ற வரியில் உள்ள எண்ணைப் பாருங்கள். அது பழைய மின்னேற்றியின் எண்ணோடு ஒத்திருக்க வேண்டும்.

2. எத்தனை அம்பியர்?

பற்றரியின் அம்பியர் மணித்தியாலத்தை மின்னேற்றியின் அம்பியரால் பிரித்தால் ஏறக்குறைய எத்தனை மணித்தியாலம் தேவை என்று தெரியும். 12 அம்பியர் மணித்தியாலப் பற்றரியை 2 அம்பியர் மின்னேற்றி 6 மணித்தியாலத்தில், சற்றுக் கூடினால் 7 மணித்தியாலத்தில் நிரப்பும். செலவாகும் மின்சாரம் ஓர் அலகுக்கும் குறைவு.

விரைவு மின்னேற்றி வேண்டாமா என்று கேட்பீர்கள். அனலைதீவு சிறிய தீவு. தோட்டத்திற்கும் இறங்குதுறைக்கும் போய்வர ஒரு முறை ஏற்றியது சில நாட்களுக்குக் காணும். அவசரம் இல்லாத இடத்தில் மெதுவாக ஏற்றுவதே பற்றரிக்கு நல்லது, அது சூடாகாது. ஊருக்கும் நல்லது. அனலைதீவின் மின்சாரம் நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியிருந்தது. 2 அம்பியர் மின்னேற்றி இழுப்பது இரண்டு பழைய 60 வாற்று மின்குமிழ்களின் அளவே. 5 அம்பியர் மின்னேற்றி அதைப்போல் இரண்டரை மடங்கு இழுக்கும்.

2024 மார்ச்சில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிற்கும் சூரிய, காற்று மின்திட்டம் அமைக்க இந்திய நன்கொடையில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதிலும் 2,400 கிலோவாற்று மணித்தியாலப் பற்றரித் தொகுதி ஒரு பகுதி. வெயில் உள்ளபோது சேமித்து, இல்லாதபோது செலவிடுவதே அதன் நோக்கம். வீட்டுக் கூரையில் சூரியப் படல் வைத்திருப்போர் நண்பகலில் சைக்கிளை ஏற்றுவதும் அதே பாடம்தான். ஆனால் படலை நேரே பற்றரியில் கொளுவ வேண்டாம். இடையில் தகுந்த கட்டுப்படுத்தி வேண்டும்.

3. எந்த நாட்டு மின்சாரத்திற்குச் செய்தது?

கனடாவிலிருந்து உறவினர் அனுப்பும் மின்னேற்றியில் "இன்புட்" என்ற வரியைப் பாருங்கள். 120 வோல்ற்று மட்டும் என்றிருந்தால் நமது 230 வோல்ற்றில் எரிந்துவிடும். 100 முதல் 240 வோல்ற்று வரை என்றிருந்தால் பயன்படுத்தலாம். அழுத்தம் அடிக்கடி இறங்கும் இடத்துக்கும் அத்தகையதே ஏற்றது.

4. நேர்முனை எது?

ஒரே வடிவச் சொருகியிலும் நேர், மறை முனைகள் மாறியிருக்கலாம். மீற்றர் வைத்துப் பார்க்காமல் கொளுவக் கூடாது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மெத்தை, வைக்கோல், மண்ணெண்ணெய் அருகே ஏற்ற வேண்டாம். ஓடிவந்த சூடு ஆறிய பின் ஏற்றுங்கள். எல்லாரும் உறங்கும் வேளையில் ஏற்றாதீர்கள். வீங்கிய, வாசனை வரும் பற்றரியைத் தொடர்ந்து பாவிக்காதீர்கள். கடற்காற்று முனைகளை அரிக்கும். உலர்ந்த துணியால் துடையுங்கள். படகில் போகும்போது மின்னேற்றியைப் பொலித்தீன் பையில் கட்டிக் கொண்டுபோங்கள். ஈய அமிலப் பற்றரியை வெறுமையாக வைக்காதீர்கள். லிதியம் பற்றரியை நெடுநாள் வைப்பதானால் பாதியளவு ஏற்றி வையுங்கள்.

கலந்துரையாடுவோம்

1. உங்கள் பற்றரியின் வகை, வோல்ற்று, அம்பியர் மணித்தியாலம் என்ன? ஒரு கடதாசியில் எழுதி வண்டியில் ஒட்டுங்கள். கடைக்குப் போகும்போது அதையே காட்டுங்கள்.

2. பழுதுபார்ப்பதற்குக் கடல் கடக்க வேண்டிய ஊரில், சனசமூக நிலையத்தில் பொதுவாக ஒரு மீற்றர் வைத்து, இரண்டு இளைஞருக்கு அதைப் பாவிக்கப் பழக்கினால் என்ன? ஒரு மீற்றரின் விலையை ஒரு பற்றரியின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.