வேகவதி நதியும் வேகாசேதுவும்

தொண்டை மண்டலத்து நதிகளுள் வேகவதி மிகச் சிறியது. ஆயினும், எம்பெருமானே குறுக்கே சயனித்து அணையாக அமைந்த ஏற்றம் இந்நதிக்கு உண்டு. காஞ்சிக்கு வரும் யாத்ரிகர்கள் இதன் போக்கினை அறிந்து சேவித்தல் நலம்.

காஞ்சிக்கு மேற்கே தாமல் என்னும் ஊரருகே இந்நதி தோன்றுகிறது. கிழக்கு நோக்கி வந்து, நகரின் தென்புறத்தை ஒட்டிச் சென்று, பின் தென்கிழக்கே திரும்பித் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. செய்யாறும் அவ்விடத்தே வந்து கூடுவதால் அவ்வூர் முக்கூடலாயிற்று. அங்கு எழுந்தருளியுள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் (1063–1070) கல்வெட்டு உள்ளது. வேதம் ஓதும் மாணாக்கர்க்கு ஊணும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையும் அமைத்த செய்தியை அது கூறும்.

வேகவதி, மழைநீரையும் ஏரிகளின் மிகைநீரையும் நம்பிய ஆறு. கோடையில் வறண்டு கிடக்கும்; வடகிழக்குப் பருவத்தில் பெருமழை பெய்தால் திடீரெனப் பெருகும். வறண்ட ஆற்றுக்கு 'வேகமுடையவள்' என்று பெயர் வந்தது எவ்வாறு என ஐயுறுவோர்க்கு, அம்மழைநாளே விடை கூறும்.

புராணமும் இதனையே வேறு விதமாக உரைக்கிறது. பிரமன் தன்னை விலக்கி யாகம் செய்தானெனச் சினந்த சரஸ்வதி, வேள்விச் சாலையை அழிக்க நதியாகப் பாய்ந்து வந்தாள். எம்பெருமான் திருவெஃகாவில் குறுக்கே பள்ளிகொண்டருளினான். அவள் நாணி விலகிச் சென்றாள். பொய்கையாழ்வார் அவதரித்த அத்தலத்து எம்பெருமானை, 1268இல் தூப்புலில் அவதரித்த வேதாந்த தேசிகன் வேகாசேது ஸ்தோத்ரத்தால் துதித்தார்.

'சேது' என்னும் வடசொல்லுக்கு அணை என்றும் வரம்பு என்றும் பொருள் உண்டு. எம்பெருமான் நதியை வற்றச் செய்தானல்லன், அழித்தானுமல்லன். வரம்பு மட்டும் வகுத்து, அவள் செல்ல வழியும் விட்டான். வேள்வியும் பிழைத்தது, நதியும் பிழைத்தது.

அவ்வரம்பு நதிக்கு மட்டும் உரியதன்று. ஆற்றுப்படுகையில் வீடுகள் எழுந்தன. கழிவுநீரும் சாயநீரும் கலந்தன. 2015ஆம் ஆண்டுப் பெருமழையில் கரையோரக் குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நதி வரம்பு கடந்தது என்பதினும், நதியின் வழியில் மனிதர் சென்று அமர்ந்தனர் என்பதே பொருந்தும்.

திருவெஃகாவில் பெருமாளைச் சேவிப்போர், அருகே ஓடும் வேகவதியையும் நினைத்தல் வேண்டும். அதில் ஒரு குப்பையும் இடாமல் திரும்புவதும் அப்பெருமானுக்குச் செய்யும் கைங்கர்யமே.