பட்டறையும் மாளிகையும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

சார்லஸ் டிக்கன்ஸ் 1860-61ஆம் ஆண்டுகளில் தம் வார இதழில் தொடராக எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலைப் படித்தவர்கள் முதலில் நினைவுகூர்வது மிஸ் ஹாவிஷாமைத்தான். மணநாளில் ஏமாற்றப்பட்டு, கடிகாரங்களையெல்லாம் அந்த நேரத்திலேயே நிறுத்திவிட்டு, நைந்த மணவுடையோடு இருட்டில் வாழும் சீமாட்டி அவள். ஆயினும் என் நெஞ்சில் நின்றவர் கொல்லர் ஜோ கார்ஜரிதான். அவரை விளங்கிக்கொள்ள, அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கென்ட் மாவட்டச் சதுப்பு நிலத்தை ஒட்டிய சிற்றூரில் ஜோவின் பட்டறை இருக்கிறது. பெற்றோரை இழந்த பிப்பை அவன் அக்காளும் அவள் கணவரான ஜோவும் வளர்க்கிறார்கள். உலைத்தீயின் முன் சம்மட்டி பிடித்து நிற்கும் ஜோவிடம் குறையொன்றும் தெரிவதில்லை. ஒருநாள் பிப் சாட்டிஸ் மாளிகைக்கு அனுப்பப்படுகிறான். அங்கே எஸ்டெல்லா என்னும் சிறுமி அவனுடைய முரட்டுக் கைகளையும் கனத்த பூட்ஸையும் கண்டு எள்ளி நகையாடுகிறாள். வீட்டைவிட்டுப் புறப்பட்டபோதும் அதே கைகள்தாம்! அப்போது அவை முரடாகத் தெரியவில்லை. அன்று முதல் பிப் எங்கிருந்தாலும் அந்த மாளிகையின் கண்கொண்டே பார்க்கிறான். பகலொளி புகாத வீடு அவனுக்கு அளவுகோல் ஆகிவிடுகிறது.

பின்னர், பெயர் தெரியாத ஒருவர் தரும் பணத்தால் பிப் லண்டனில் கனவான் ஆகிறான். அவனைக் காண ஜோ அவன் அறைக்கு வருகிறார். பணம் கொடுத்து இந்த வருகையைத் தடுக்க முடியுமானால் கொடுத்திருப்பான் பிப். இறுக்கமான காலரும் விசேஷ நாள் உடையுமாக வந்த ஜோவுக்குத் தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கணப்பின் மேல் வைக்கிறார். அது விழுந்துகொண்டே இருக்கிறது. சிரிப்பு வரும் காட்சிதான். ஆனால் தாம் வளர்த்த பிள்ளையை அவர் 'சார்' என்று அழைக்கும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது.

இதற்கு இரண்டே அத்தியாயங்கள் முன்னால் நடந்ததை இங்கு ஒப்பிட வேண்டும். வழக்கறிஞர் அலுவலக எழுத்தர் வெம்மிக், வால்வொர்த்தில் உள்ள தம் சின்னஞ்சிறு வீட்டுக்குப் பிப்பை அழைத்துச் செல்கிறார். லிட்மஸ் தாள் போன்றவர் அவர். அலுவலகத்தில் ஒரு நிறம், வீட்டில் வேறு நிறம். வீட்டில் காது கேளாத கிழத் தந்தை இருக்கிறார். தலையசைத்தால் கிழவருக்கு மகிழ்ச்சி என்று வெம்மிக் சொல்ல, பிப் சளைக்காமல் தலையசைக்கிறான். பிறர் தந்தையிடம் அவனுக்கு வெட்கமே இல்லை!

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். விடுதிக்கு நண்பனின் தந்தை வந்தால் ஓடிப்போய் நாற்காலி எடுத்துப் போடுபவன் நான். என் தந்தை முதன்முறை வந்தபோது, மஞ்சள் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். அறைத் தோழர்கள் முன்னிலையில் என்னைப் பார்த்து, "தம்பி, சாப்பிட்டீங்களா?" என்றார். வீட்டில் ஒருநாளும் அவர் என்னை அப்படி அழைத்ததில்லை. நானும் "ஏன்ப்பா இப்படிப் பேசுறீங்க?" என்று கேட்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா" என்றேன்.

டிக்கன்ஸ் ஜோவை இன்னொரு முறை லண்டனுக்கு வரவழைக்கிறார். இம்முறை பிப்பிடம் பணமில்லை. 123 பவுண்டு 15 ஷில்லிங் 6 பென்ஸ் கடனுக்காகக் கைதாக வேண்டிய வேளையில் காய்ச்சலில் கிடக்கிறான். ஜோ அவனைக் குழந்தைபோல் பேணுகிறார். பழைய உரிமையோடு பேசுகிறார். சம்மட்டியைத் தூக்கப்போகிறவர்போல் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, பேனா பிடித்துக் கடிதமும் எழுதுகிறார். அதே லண்டன்தான், ஆனால் இப்போது அவரிடம் தடுமாற்றமில்லை. பிப் தேறத் தேற, 'சார்' மெல்லத் திரும்பி வருகிறது. ஒரு காலையில் பிப் எழுந்து பார்க்கிறான். ஜோ ஊருக்குப் போய்விட்டார். விட்டுச் சென்ற சிறு கடிதத்தினுள், கடன் முழுவதும் அடைத்த ரசீது இருக்கிறது.