கண்டல் மரத்துக்கு யார் காவல்?

ஆச்சியும் பேத்தியும் தாராவியிலிருந்து பாந்திராவுக்குப் பஸ்ஸில் போனார்கள். மித்தி ஆற்றுப் பாலம் வந்தது. சேற்றில் பச்சைப் பசேலென்று மரங்கள் நின்றன.

"ஆச்சி, இந்தச் சேத்துல மரம் எப்படி வளருது?"

"அது கண்டல் மரம் தாயி. உப்புத் தண்ணியிலயும் வளரும். நான் வந்த புதுசுல எங்க பார்த்தாலும் நின்னுச்சு. அடுப்பெரிக்க வெட்டினோம். அப்புறம் மண்ணைக் கொட்டிக் கட்டடம் கட்டினாங்க."

"இப்ப வெட்டினா யாரு கேட்பா?"

ஆச்சிக்குப் பதில் தெரியவில்லை. நாம் தெரிந்துகொள்வோம்.

கண்டல் காட்டின் வேலை

கண்டல் காட்டை அலையாத்திக் காடு என்றும் சொல்வார்கள். அதன் வேர்கள் மண்ணைப் பிடித்து வைக்கும். அலையின் வேகத்தைக் குறைக்கும். மீனும் நண்டும் இறாலும் அங்கே குஞ்சு பொரித்து வளரும்.

2005 ஜூலை 26. மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு கரை மீறியது. வீடுகளில் வெள்ளம் புகுந்தது. பலர் உயிர் இழந்தனர். மழை மட்டும் காரணம் இல்லை. ஆறு குறுகிவிட்டது. சாக்கடைகள் அடைத்திருந்தன. தண்ணீர் பரவி நிற்கக் கண்டல் நிலமும் குறைந்துவிட்டது.

நாடுகள் போட்ட கையெழுத்து

சீட்டுப் போடுகிறோம். சேர்ந்தவர்கள் எல்லோரும் விதிக்குக் கட்டுப்படுகிறோம். சேராதவரை அந்த விதி கட்டுப்படுத்தாது. நாடுகளுக்கு இடையே நடக்கும் ஒப்பந்தமும் அப்படித்தான்.

1971இல் ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் ஓர் ஒப்பந்தம் உண்டானது. ஏரி, சதுப்பு நிலம், கண்டல் காடு ஆகியவற்றைக் காப்போம் என்று நாடுகள் வாக்குக் கொடுத்தன. இந்தியா 1982இல் சேர்ந்தது. முக்கியமான இடங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. 2022இல் தமிழ்நாட்டின் பிச்சாவரம் அதில் சேர்ந்தது. செம்பூரைத் தாண்டி, வாஷிப் பாலத்துக்கு வடக்கே உள்ள தானே கழிமுகமும் அதே ஆண்டில் சேர்ந்தது.

1992இல் பிரேசில் நாட்டின் ரியோ நகரில் நாடுகள் கூடின. உலகக் காடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஒப்பந்தம் வேண்டும் என்று சில நாடுகள் கேட்டன. இந்தியா, மலேசியா போன்ற நாடுகள் ஒப்பவில்லை. தங்கள் காட்டைப் பற்றித் தாங்களே முடிவு செய்ய வேண்டும் என்றன. கடைசியில் சில கொள்கைகளை மட்டும் எழுதினார்கள். அவை யாரையும் கட்டாயப்படுத்தாது. காடுகளுக்கென்று உலகைக் கட்டுப்படுத்தும் தனி ஒப்பந்தம் இன்றும் இல்லை.

நம் ஊர்ச் சட்டம்

மித்தி ஆற்றங்கரை ராம்சர் பட்டியலில் இல்லை. அதற்கு நம் நாட்டுச் சட்டம்தான் காவல். 1991இல் மத்திய அரசு கடலோரத்துக்கு விதிகள் செய்தது. 2005 அக்டோபரில், கண்டல் மரங்களை வெட்டவும் அங்கே இடிபாடு கொட்டவும் மும்பை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2018இல் அதே நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: கண்டல் காட்டை அழிப்பது மக்களின் வாழும் உரிமையை மீறுவதாகும். பொதுமக்கள் புகார் செய்ய அரசு வழி செய்ய வேண்டும் என்றும் சொன்னது.

ஆச்சி போட்ட கையெழுத்து

சில நாள் கழிந்தது. ஆற்றோரத்தில் ஒரு லாரி இடிபாட்டைக் கொட்டிக்கொண்டிருந்தது. ஆச்சி பார்த்தார். நாளையும் லாரி எண்ணையும் குறித்துக்கொண்டார். பேத்தி மராத்தியில் மனு எழுதினாள். தெருவில் பலர் கையெழுத்துப் போட்டார்கள். முன்பெல்லாம் ஆச்சி கைநாட்டு வைப்பார். இந்த முறை தமிழில் தன் பெயரை எழுதினார். மனுவை வனத்துறை அலுவலகத்தில் கொடுத்தார்கள். நகலில் முத்திரை வாங்கிக்கொண்டார்கள்.

"நாடு போட்ட கையெழுத்து அங்க இருக்கு. நம்ம கையெழுத்து இங்க இருக்கு. ரெண்டும் வேணும் தாயி" என்றார் ஆச்சி.

சொற்பொருள்

ஒப்பந்தம் – இரு தரப்பார் அல்லது பலர் ஒத்துக்கொண்டு எழுதிய உறுதி
கழிமுகம் – ஆறு கடலில் சேரும் இடம்
நகல் – எழுதியதன் பிரதி

விடை சொல்லுங்கள்

1. கண்டல் வேர்கள் என்ன செய்யும்?
2. இந்தியா ராம்சர் ஒப்பந்தத்தில் எந்த ஆண்டு சேர்ந்தது?
3. ஆச்சி ஏன் லாரி எண்ணைக் குறித்துக்கொண்டார்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் பகுதியில் மண் கொட்டி மூடிய குளம், ஓடை, காடு உண்டா? அதைப் பற்றி ஒரு மனு எழுதுங்கள்.