பட்டா நம்ம பேர்ல இருக்கு, அப்புறம் இன்னா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு வாரம் கழிந்தால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் உடைத்தபாடில்லை. டீக்கடையில் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியில் கேட்கிறார்கள், போன மாதம் ஒரு கருமாதி வீட்டில்கூடக் கேட்டார்கள். உத்திரமேரூரில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். கேள்வி கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இவர்கள் கேள்வியோடு பதிலையும் கையிலேயே கொண்டுவருகிறார்கள். "பட்டா இருக்குதுண்ணே, அப்ப நிலம் சுத்தம்தானே?"

சுத்தமில்லை. இந்தத் துண்டு நிலத்துக்குத் தீர்வை கட்ட வேண்டியவர் யார் என்று வருவாய்த் துறை எழுதி வைத்திருக்கும் கணக்குதான் பட்டா. நம்பாதவர்கள் செல்போனில் வைத்திருக்கும் அந்தக் காகிதத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். புல எண், உட்பிரிவு, புன்செய், நன்செய், பரப்பு என்று கட்டங்கள் போகும். பரப்புக்குப் பக்கத்தில் 'தீர்வை' என்று ஒரு கட்டம், அதில் சில்லறைக் காசில் ஒரு தொகை. அந்தக் கட்டத்துக்காகப் பிறந்த காகிதம் அது. ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் குடியானவனிடம் நேரே வரி வாங்கும் ரயத்துவாரி முறையைத் தாமஸ் மன்றோ காலத்தில் மதராஸ் மாகாணத்தின் பெரும்பகுதியில் கொண்டுவந்தார்கள். வரி கேட்க ஒரு பெயர் வேண்டுமல்லவா? அந்தப் பெயரெழுதிய சீட்டின் வாரிசுதான் இன்று கியூஆர் கோடு போட்டு வருகிறது. நிலம் அவருக்கு எந்த வழியில் வந்தது என்று அன்றைக்கும் அது சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லாது. அதைச் சொல்வது கிரயம், தானம், பாகப்பிரிவினை, உயில், நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவைதான்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாறினால் உரிமை உண்டாவதுமில்லை, ஒழிவதுமில்லை என்று 1996-ல் சவர்ணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021-ல் ஜிதேந்திர சிங் வழக்கில் அதையே திரும்பச் சொன்னது. பட்டாவுக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. அனுபவத்துக்கு அது நல்ல சாட்சி, வங்கியில் கேட்பார்கள், உழவர் திட்டங்களுக்கு வேண்டும். ஆனால் நம் 1983-ஆம் ஆண்டுப் பட்டாப் பாஸ்புத்தகச் சட்டமே, உரிமையில் தகராறு என்றால் உரிமையியல் நீதிமன்றம் போ, அங்கே வரும் தீர்ப்புப்படி பதிவைத் திருத்திக்கொள்கிறோம் என்கிறது. பட்டாவைக் கொடுக்கும் சட்டத்துக்கே பட்டாவின் மேல் அவ்வளவுதான் நம்பிக்கை. உங்களுக்கு எதற்கு அதைவிட அதிகம்?

சில வருடத்துக்கு முன் என்னிடம் வந்த ஒரு விவகாரம். ஒரே பெயரில் தனிப் பட்டா, அறுபத்திரண்டு சென்ட். விற்றவர் கையில் அசல் பட்டா, வாங்கியவர் கையில் ரொக்கம். "மூலப்பத்திரம் எங்கே?" என்றேன். "அப்பா காலத்து நிலம் சார், பத்திரமெல்லாம் யாரு வெச்சிருக்கா, பட்டாதான் இருக்குதே" என்றார். நான் எழுத மாட்டேன் என்றதும் வேறு இடத்தில் எழுதிக்கொண்டார்கள். எட்டு மாதம் கழித்து நோட்டீஸ் வந்தது. விற்றவருக்கு இரண்டு தம்பிகள், ஆரணியில் கட்டிக்கொடுத்த ஒரு தங்கை. 1980-களில் யு.டி.ஆர். என்ற நில உடைமை பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது, அப்பா இறந்திருந்ததால் வீட்டில் மூத்தவர் யாரென்று கேட்டு அவர் பெயரை ஏற்றியிருக்கிறார்கள். வரி கேட்க ஒரு பெயர் போதுமே! ஆனால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சரிபங்கு. தங்கை பெயர் பட்டாவில் இல்லை, சட்டத்தில் இருந்தது. வாங்கியவர் இன்னும் வாய்தாவுக்கு அலைகிறார். ஒவ்வொரு முறை என்னைப் பார்க்கும்போதும் பட்டாவைத்தான் காட்டுகிறார்.

சரி, படித்தவர்களும் ஏன் இதில் விழுகிறார்கள்? ஒரே பெயரில் இரண்டு காகிதங்கள் உலவுவதால்தான். அரசு நிலமில்லாதவருக்கு மனை கொடுக்கும்போது தருவதும் 'பட்டா'. அது ஒப்படைப் பட்டா. அங்கே நிலத்தைக் கொடுப்பவரே அரசு, ஆகவே உரிமை அதிலிருந்துதான் தொடங்குகிறது. நிபந்தனைகளும் அதோடு ஒட்டிக்கொண்டே வரும், இத்தனை வருடம் விற்கக் கூடாது என்பதைப் போல. மேடையில் அமைச்சர் கையால் பட்டா வாங்கும் படத்தைப் பேப்பரில் பார்த்துப் பார்த்து, எல்லாப் பட்டாவும் அப்படித்தான் என்று ஊர் நினைத்துவிட்டது.

இந்த நிபந்தனை விஷயத்தில் நம் மாவட்டத்துக்கென்றே ஒரு பழைய கணக்கு உண்டு. 1891-ல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்ஹீர், இங்குள்ள தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையை அறிக்கையாக எழுதி அனுப்பினார். உத்திரமேரூரும் அன்று அந்த மாவட்டம்தான். அதன் விளைவாக 1892-ல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். பத்து வருடத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அந்த மக்களுக்குள்தான் கைமாறலாம் என்பது நிபந்தனை. பழைய 'அ' பதிவேட்டில் இதற்குக் குறிப்பு இருக்கும். பிற்காலப் பதிவுகளில் பல இடங்களில் குறிப்பு கழன்றுவிட்டது, நிலம் வேறு கைக்குப் போய்ப் பட்டாவும் வேறு பெயரில் வந்துவிட்டது. இதற்காகக் கேள்வி கேட்டுத்தான் 1994-ல் காரணையில் இரண்டு பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். பட்டா பளபளவென்று இருக்கிறது என்று அப்படிப்பட்ட நிலத்தை வாங்கினால், வாங்கியது செல்லாது என்பது ஒரு பக்கம், யார் வயிற்றில் அடித்து வாங்குகிறோம் என்பது இன்னொரு பக்கம்.

வெளிநாட்டுப் பிள்ளைகளின் குழப்பம் வேறு மாதிரி. சிங்கப்பூரில் இருக்கும் ஒரு பையன் வாட்ஸ்அப்பில் என்னோடு அரை மணி நேரம் சண்டை போட்டான், "அங்கிள், அரசாங்கப் பதிவேட்டில் பேர் இருந்தா அதான் ஓனர்" என்று. அவன் இருக்கும் ஊரில் அது சரி. 1858-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறையில் பதிவேட்டில் பெயர் ஏறுவதே உரிமை, அரசு அதற்குப் பொறுப்பு. சிங்கப்பூர் அந்த வழியில் போகிறது. நாம் போகவில்லை. நம் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஆவணத்தைப் பதிகிறது, உரிமையைப் பதிவதில்லை.

நம் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் பராந்தகன் கல்வெட்டை எத்தனை பேர் நின்று படித்திருப்பீர்கள்? 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த குடவோலை விதிகள். ஓலையில் பெயரெழுத வேண்டுமென்றால் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும் வேண்டும், தன் சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும். வரி கட்டுகிறாயா என்பது ஒரு கேள்வி, மனை உன்னுடையதா என்பது வேறொரு கேள்வி. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் இந்த ஊர்ச் சபைக்குத் தெரிந்த வித்தியாசம் நமக்குத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். (கல்வெட்டு ஆய்வாளர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம், எனக்குப் பிடித்த மாதிரி படித்துக்கொள்கிறேன்.)

பட்டாவை நம்புகிறவர்களாவது அதைப் படிக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. பரப்புக் கட்டத்தில் '0 - 4.00' என்று இருந்தால் நாலு சென்ட் என்கிறார்கள். அது நாலு ஏர். ஒரு ஏர் என்பது நூறு சதுர மீட்டர், 2.47 சென்ட். ஆக அது கிட்டத்தட்ட 9.88 சென்ட், 4,300 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். சென்டுக்கு 435.6 சதுர அடி, கிரவுண்டுக்கு 2,400. இதையாவது சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். பாதிக்கு மேல் ஏமாந்துவிட்டு, பாகம் பிரித்தபோது தம்பி அமுக்கிவிட்டான் என்று அவன்மேல் பழி போட்டவரை நான் பார்த்திருக்கிறேன்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மூச்சு செலவழிக்கப் போவதில்லை.

"ரிஜிஸ்டர் ஆயிடுச்சே, சப்-ரிஜிஸ்டிரார் பார்த்துத்தானே போட்டார்?" விற்பவருக்கு உரிமை உண்டா என்று துருவும் அதிகாரத்தை 1908 சட்டம் சார்பதிவாளருக்குத் தரவில்லை. முன் ஆவணத்தைக் காட்டு, இல்லையேல் பதிய மாட்டேன் என்ற நம் மாநில விதி 55-ஏ(1) செல்லாது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான். சட்டத்தையே திருத்த அரசு கிளம்பியது. அது அரசின் பாடு. மூலப்பத்திரத்தைத் தேடுவது உங்கள் பாடு.

"முப்பது வருஷ இ.சி.யில வில்லங்கம் இல்ல." பதிவான வில்லங்கம் இல்லை. பதியாத உயில், பதியாத கைக்கடன், கோர்ட்டில் தூங்கும் வழக்கு எதுவும் அதில் வராமல் போகலாம்.

"பஞ்சாயத்து அப்ரூவல் மனை." தலைவர் கையெழுத்துப் போட்டு மனைப்பிரிவு ஆகாது. அது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் வேலை. அனுமதியற்ற மனைகளின் பதிவுக்கு 2016-ல் உயர் நீதிமன்றம் போட்ட தடையும், 2016 அக்டோபர் 20 வரையிலான மனைகளுக்கென்று 2017-ன் வரன்முறைத் திட்டமும் இதனால்தான் வந்தன. பரந்தூர் விமான நிலையத்தின் பெயரைச் சொல்லி இங்கே மனை விற்பவரிடம் அனுமதி எண்ணைக் கேட்டுப்பாருங்கள், பேச்சு உடனே விமானத்துக்குப் போய்விடும்.

"பவர் பத்திரம் இருக்கு." பவர் கொடுத்தால் நிலம் கைமாறாது. 2011-ல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தாயிற்று. கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவரும் கூடவே போகும்.

"பேங்க்ல லோன் குடுத்துட்டான், அப்ப பத்திரம் ஓகே." வங்கி வக்கீல் பார்த்தது வங்கிக்காக. நிலம் போனாலும் தவணையை உங்களிடம்தான் கேட்பார்கள்.

"கைடுலைன் வேல்யூதான் விலை." அது அரசு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கணக்குப் போட வைத்திருக்கும் அடிமட்டம். அடுத்தது.

அடுத்தது என் சொந்தக் குறை, பொறுத்துக்கொள்ளுங்கள். செக்குபந்தி. சொத்துக்கு நான்கு பக்கமும் என்ன இருக்கிறது என்று பத்திரத்தில் எழுதுவோமே, அது. என் வாத்தியார் எழுதிய பழைய பத்திரங்களில் செக்குபந்தியைப் படித்தால் கண்ணை மூடிக்கொண்டு அந்த நிலத்தில் நடக்கலாம். ஏரி மதகிலிருந்து வரும் கால்வாய்க்குத் தெற்கு, இன்னார் பம்புசெட் கிணற்றுக்கு மேற்கு, ஒற்றைப் பனைக்குக் கிழக்கு. இப்போது நாங்கள் எழுதுவது 14-ஆம் எண் மனைக்கு வடக்கு, 16-க்குத் தெற்கு, 23 அடி சாலைக்குக் கிழக்கு. பனையை வெட்டியாயிற்று, போகட்டும். கால்வாய் எங்கே? பல்லவர் காலத்தில் வயிரமேக தடாகம் என்று பெயர் பெற்ற ஏரி நம்முடையது. அதற்கு வரும் நீரும் அதிலிருந்து போகும் நீரும் இந்தச் செக்குபந்திகளில்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு பத்திரத்தில் 'கால்வாய்' என்பது 'பாதை' ஆகும், அடுத்த பத்திரத்தில் 'சாலை' ஆகும், மூன்றாவதில் 'அவென்யூ' ஆகிவிடும். எழுதியவர்களில் நானும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசியில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் ஏரி உடைந்துவிட்டது என்று கத்துகிறார்கள். ஏரி உடையவில்லை அப்பா, தண்ணீர் பழைய பத்திரப்படி வந்திருக்கிறது. எனவே எந்த நிலமாக இருந்தாலும் மூலப்பத்திரத்துக்கு நகல் மனுப் போட்டு வாங்கி, அந்தப் பழைய செக்குபந்தியைக் கையில் வைத்துக்கொண்டு, நில அளவை வரைபடத்தோடு நிலத்தில் போய் நாலு மூலையிலும் நில்லுங்கள். தரகரைக் கூட்டிப் போகாதீர்கள்.

போன புதன்கிழமை ஒரு அம்மா வந்தது. காஞ்சிபுரத்தில் தறி வேலை, கூட ஒரு தம்பி. பட்டா நகலை மேசைமேல் வைத்து, நான் வாயைத் திறக்குமுன், "கரெக்டா இருக்குதாண்ணே?" என்றது. மேலே எழுதியதையெல்லாம் கொஞ்சம் உரத்த குரலில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டது. தம்பி மட்டும் சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரிண்ணே. மூலப்பத்திரம் கேக்கறேன்."

"அட்வான்ஸ் எதாவது குடுத்திட்டியாம்மா?"

"ரெண்டு லட்சம்."

"அக்ரிமெண்ட்?" கிரய ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும் என்று 2012 இறுதியிலிருந்தே இந்த மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. "ரசீதாவது?"

அந்த அம்மா பையைத் துழாவியது. மஞ்சள் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், கவருக்குள் நாலாக மடித்த காகிதம். அதே பட்டாவின் இன்னொரு நகல், இது கலரில்.

"இத குடுத்தாருண்ணே" என்றது.